பிளஸ் ஒன் படிக்காமல் பிளஸ் டூ முடித்தவள்

2008 மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது எனக்கு 500-க்கு 461. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அதுதான் முதல் மார்க். அரூர் பக்கம், மரவள்ளியும் கரும்பும் போடுகிற ஊர். நெட் சென்டரில் பத்து ரூபாய் கொடுத்து எடுத்த பிரிண்ட்டை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். டீக்கடை, சொசைட்டி, சர்க்கரை ஆலை லாரி நிற்கும் இடம் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், எடுத்துக் காட்டுவார். மடிப்பு கிழிந்து நாலு துண்டாகும்வரை அது பையில் இருந்தது.

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு சரி. பதினொன்று படிக்க மேல்நிலைப் பள்ளிக்குப் போகணும். எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது 14 கிலோமீட்டர் தள்ளி, டவுனில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பத்தாவதுவரை ஒன்றாகப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த 14 கிலோமீட்டரிலேயே நின்றுபோனார்கள். இரண்டு பேருக்கு அடுத்த தையில் கல்யாணம். என் பெரியப்பா மகன் பாலிடெக்னிக் போனான். அவனைப் பிறகு சொல்கிறேன்.

ரிசல்ட் வந்த நாலாம் நாள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு பேர். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. "பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸே வேண்டாங்க. ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு மட்டும் பாதி கட்டுங்க. ரெண்டே வருஷம், டாக்டரோ இன்ஜினியரோ ஆக்கி அனுப்பறோம்." அப்பா என்னைப் பார்த்தார். நான் மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

எந்த குரூப் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. 461 எடுத்தால் ஃபர்ஸ்ட் குரூப், அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். 400-க்குக் கீழே என்றால் கம்ப்யூட்டர். அதற்கும் கீழே என்றால் காமர்ஸ். மார்க் குறையக் குறையக் கீழே இறக்கும் இந்த ஏணியை யார் போட்டார்களோ தெரியாது, இன்றும் அப்படியேதான் நிற்கிறது. என் வகுப்பில் 380 எடுத்த ஒருத்தி, வீட்டுக் கடைக் கணக்கை வாய்க்கணக்காகவே முடிக்கிறவள், காமர்ஸ் போனதற்காக அழுதாள். இன்று அவள் நாலு கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறாள். எனக்கே ஒவ்வொரு ஜூலையும் வருமான வரி தாக்கல் செய்து தருகிறாள்.

ஜூன் முதல் வாரம் ஹாஸ்டலில் சேர்ந்தேன். தகரப் பெட்டி, பாய், ஒரு வாளி. மறுநாள் வகுப்பில் புத்தகம் கொடுத்தார்கள். இயற்பியலைத் திறந்தால் முதல் பாடம் எலக்ட்ரோஸ்டாடிக்ஸ். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பன்னிரண்டாம் வகுப்பு. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. "பதினொன்னு உனக்கு வேண்டாம்மா. அது பப்ளிக் இல்ல. இதை ரெண்டு வருஷம் படி, சென்டம் தானா வரும்" என்றார் சார். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. லைப்ரரி அலமாரியின் அடித்தட்டில், அரசிடமிருந்து வந்த சணல் கட்டு அவிழாமல், அப்படியே இருந்தன.

அந்தக் காலத்தில் நிறையப் பள்ளிகளில் இதுதான் நடைமுறை. பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி அளவில்தான் தேர்வு. எங்களுக்கு வருஷக் கடைசியில் அதற்காகப் பத்து நாள் ஒதுக்கினார்கள். கேள்விகளை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்து எழுதினோம், எல்லோரும் பாஸ். மற்றபடி 2008 ஜூனிலிருந்து 2010 மார்ச் வரை ஒரே புத்தகம். முதலில் ஒரு சுற்று, அப்புறம் ஸ்லிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், ரிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று. காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, ராத்திரி பத்தரைக்கும் ஸ்டடி.

ஆனால் நான் முதலில் சறுக்கியது அதனால் இல்லை, மொழியால். பத்தாவதுவரை தமிழ் வழி. இங்கே எல்லாம் ஆங்கிலம். இரண்டாவது வாரம் இயற்பியல் மிஸ் "மொமெண்டம்னா என்ன?" என்று கேட்டார். முழித்தேன். "ஓடுற பஸ்ஸை நிறுத்தறதும் ஓடுற சைக்கிளை நிறுத்தறதும் ஒண்ணா?" என்று கேட்டதும் "உந்தம்!" என்று கத்திவிட்டேன். நிறையும் திசைவேகமும் பெருக்கினால் உந்தம் என்று பத்தாவதில் எழுதி ஐந்து மார்க் வாங்கியவள்தான் நான். இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்று ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் உந்தம், திசைவேகம், முடுக்கம், மின்னழுத்தம், இன்னொரு பக்கம் அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுத ஆரம்பித்தேன். காலாண்டு வருவதற்குள் அந்த நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு வாங்கினேன்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இந்த நோட்டுதான். அதை ஜூனில் ஆரம்பித்தால் நேரம் போதாது. பத்தாவது தேர்வு முடிந்து ஏப்ரல், மே என்று இரண்டு மாதம் கையில் இருக்கும். நம் பாடநூல்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைப்புகளையும் வரையறைகளையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு இருபது சொல். வழி மாறாமல் தமிழிலேயே தொடர்வதும் ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த வயதில் இரண்டு மலையை ஒரே நேரத்தில் ஏற வேண்டாமே என்பதுதான் என் எண்ணம்.

முதல் யூனிட் டெஸ்டில் இயற்பியலில் ஐம்பதுக்குப் பதினேழு. அதுவரை சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட மார்க்கை நான் அடுத்தவர் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் காயின் போன் முன்னால் முப்பது பேர் வரிசை. என் முறை வந்ததும் அப்பா, "சாப்டியா பாப்பா?" என்றார். "சாப்டேன்." "மார்க்கெல்லாம்?" "இன்னும் குடுக்கலப்பா." அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். காசு முடிந்து லைன் கட்டானது நல்லதாகப் போயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாவதில் 450-க்கு மேல் வாங்கிய பிள்ளை பிளஸ் ஒன் முதல் டெஸ்டில் பாதி மார்க்கூட வாங்காமல் வருவது சாதாரணம். பத்தாவது கேள்வித்தாளில் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் பெரும்பாலும் மார்க் கிடைத்துவிடும். பதினொன்றில் ஒரு பாடத்தின் கனமே மூன்று மடங்கு; ஒரு கணக்கு புரியாவிட்டால் அதன் மேல் ஏறி உட்காரும் அடுத்த பத்துக் கணக்கும் புரியாது. காலாண்டில் மார்க் இறங்கியதும் "குரூப் மாத்திடலாமா" என்று வீட்டில் பேச்சு வரும். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் என்றால் யோசிக்கலாம். அக்டோபரில் மாறினால் புதுப் பாடத்தில் நாலு மாதத்துப் பாக்கி நிற்கும். என் அனுபவத்தில், முதல் சரிவு அரையாண்டுக்குள் நிமிர்கிறதா என்றுதான் பார்க்கணும். எனக்கு நிமிர்ந்தது. அரையாண்டில் முப்பத்தெட்டு. நிமிர்ந்தது எப்படி என்பதுதான் பிரச்சினை: புரிந்து அல்ல, பத்துத் தடவை எழுதி எழுதி.

2010 பிளஸ் டூ ரிசல்ட்: 1200-க்கு 1104. கணிதம் 198, இயற்பியல் 190, வேதியியல் 192. இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு 194.5. அப்பா மறுபடியும் ஒரு பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்தார். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி ஒன்றில் சிவில் கிடைத்தது. பள்ளி வாசலில் வைத்த பேனரில் என் போட்டோ மூன்றாவது வரிசையில் இருந்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ். சுவரில் சாய்த்து வைத்த ஓர் ஏணி. அதில் ஒரு ஆள் ஏறுகிறான். எவ்வளவு உயரம் போனால் ஏணி வழுக்கும்? முதலில் படம் போட்டு ஏணியின் மேல் வேலை செய்யும் விசைகளை அம்புக்குறியாகக் காட்டணும். என்னால் ஒரு அம்புகூடச் சரியாகப் போட முடியவில்லை. கீழ் நோக்கி எடை, அது தெரியும். மற்றதெல்லாம்? கணிதத்தில் 198 எடுத்தவள். தொகையிடலில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் எழுதுவேன், அது எந்தப் பயிற்சியின் எத்தனையாவது கணக்கு என்பது உட்பட. ஆனால் வகையிடல் என்றால் அடிப்படையில் என்ன, ஒரு வளைகோட்டின் சாய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் வாய் வராது. எல்லை, வகையிடலின் அரிச்சுவடி, தொகையிடலின் அரிச்சுவடி, திரிகோணமிதி எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் இருப்பவை. நியூட்டன் விதிகள், உராய்வு, சுழற்சி, ஈர்ப்பு, வெப்பம், அலைகள், அதாவது கண்ணால் பார்க்கிற உலகம் முழுக்கப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில். பன்னிரண்டில் வருவது மின்சாரம், காந்தம், ஒளி, அணு. நான் அணுவைப் பிளக்கத் தெரிந்த, ஏணியைச் சாய்க்கத் தெரியாத சிவில் மாணவி.

அந்தப் பேப்பரில் அரியர் விழுந்தது.

என்னைத் தூக்கிவிட்டவள் என் ரூம்மேட். புதுக்கோட்டைப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவள்; என்னைவிடக் கட் ஆஃப் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்துவிட்டு ஹாஸ்டல் தரையில் சாக்பீஸால் ஒரு சாய்ந்த கோடு போட்டாள். "நீதான் ஏணி. சரியா? தரை இல்லன்னா எங்க போவ?" "கீழ." "அப்ப தரை உன்னை என்ன பண்ணுது?" "மேல தள்ளுது." "சுவர் இல்லன்னா?" "அந்தப் பக்கம் சாஞ்சிடுவேன்." "அப்ப சுவர்?" "இந்தப் பக்கம் தள்ளுது." "கால் வழுக்கப் பாக்குது, யார் பிடிச்சுக்கறா?" உராய்வு. நாலு அம்பும் வந்துவிட்டன. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இதெல்லாம் லெவன்த்ல போட்டதுதானே, உங்க ஸ்கூல்ல நடத்தலியா?" என்று அவள் கேட்டது கிண்டலுக்காக இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் கணிதமும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். பத்தொன்பது வயதில், கல்லூரி ஹாஸ்டலில், போர்வைக்குள் ஒளித்து வைத்துப் படிக்காத குறையாகப் பிளஸ் ஒன் படித்தேன். அட்டைக்கு நியூஸ் பேப்பர் போட்டு வைத்ததன் காரணம் புத்தகம் கிழிந்துவிடும் என்பதல்ல. நாலு மாதம் ஆனது. அரியரைக் கிளியர் செய்தேன். இன்றைக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீசில் என் சம்பளம் அந்த நாலு மாதத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் மிகையில்லை.

பெரியப்பா மகனைச் சொல்கிறேன் என்றேனே. பத்தாவதில் 340. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். பிளஸ் டூ வழியாக வந்தவர்களுக்கும் அவனுக்கும் பட்டம் வாங்க ஆகும் காலம் ஒன்றுதான். கூடவே லேத் முன்னால் நிற்கத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும். பத்தாவது முடித்த எல்லோரும் பிளஸ் ஒன்னுக்குத்தான் போகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெஷின், மோட்டார் என்று கை துறுதுறுக்கிற பையனை வேதியியல் ரெக்கார்ட் நோட்டுக்கு முன் உட்கார வைப்பது இரண்டு பேருக்கும் கஷ்டம், அவனுக்கும் வேதியியல் மிஸ்ஸுக்கும்.

2017-இல் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது ஆபீசில் நான் மட்டும் கை தட்டினேன். பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்கும் பள்ளிகளுக்கு அது ஒரு கடிவாளம். 2018 மார்ச்சில் முதல் தேர்வு. மொத்த மார்க் 1200 போய் 600 ஆனது. பிறகு புதுப் பாடத்திட்டம் வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றும் ஆனது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிப் பிள்ளைகள் நொந்துபோனதையும் பார்த்தேன். பதினொன்றில் போன பாடத்தைப் பன்னிரண்டோடு சேர்த்துச் சுமந்த பிள்ளைகள் என் சொந்தத்திலேயே இரண்டு பேர். இப்போது 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சணல் கட்டு என் கண் முன்னால் வந்து போனது உண்மை.

வரக் காரணம், என் அக்கா மகள் அந்த ஜூனில்தான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள்.

அவளுக்குப் பத்தாவதில் 478. வாசலில் கார் நிற்காமல் இருக்குமா? இந்த முறை மைசூர்பாகு இல்லை, ஒரு டேப்லெட் தருகிறோம் என்றார்களாம். மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நீ அங்க படிச்சுதானே இன்ஜினியர் ஆன" என்று என் கதையையே எனக்கு எதிராகத் திருப்பினார். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "மாமா, இவ ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல். இப்ப மாத்தினா ஏழரை சதவீதம் போயிடும்."

இது பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அப்படிப் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பதினொன்றில் "ஃபீஸ் இலவசம்" என்று தனியார் பள்ளிக்குத் தாவினால் ஐந்து வருஷம் சேர்த்த தகுதி கையை விட்டுப் போகிறது. கார் அனுப்புகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் குரூப். இந்த முறை நான் அவளைக் கேட்டேன். "தெரியல சித்தி" என்றாள். பதினாறு வயதில் தெரியாமல் இருப்பதுதான் நியாயம். மே மாதம் ஒரு வாரம் என் வீட்டில் வந்து இருந்தாள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பாடத்தைக் கதைப் புத்தகம்போலப் படிக்கச் சொன்னேன். பின்னால் உள்ள கேள்விகளில் ஐந்தை எழுதிப் பார்க்கச் சொன்னேன். எதில் நேரம் போனது தெரியவில்லை, எதில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் கவனித்தேன். கணக்குப்பதிவியலில் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள். உயிரியலை விடவே இல்லை. கணிதம் பரவாயில்லை. சரி, பயோ-மேத்ஸ்.

கதவுகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். கணிதமும் உயிரியலும் இரண்டும் இருந்தால் பெரும்பாலும் எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். கணிதத்தை விட்டால் பொறியியலும் ஆர்க்கிடெக்சரும் கஷ்டம். உயிரியலை விட்டால் மருத்துவம், நர்சிங் கஷ்டம். சட்டம், சி.ஏ. இரண்டுக்கும் எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். நீட் எழுதுகிறவர்களுக்குப் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்துதான் பாடத்திட்டம், ஜே.இ.இ.-க்கும் அப்படித்தான். அதனால் பொதுத்தேர்வு இல்லாவிட்டாலும் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது வீட்டு நகையைப் போடுவது மாதிரி.

சேரும்போது இன்னொரு வேலை செய்தோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடும் சாதிச் சான்றிதழோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். பிறந்த தேதிக்கு வாழ்நாள் முழுக்க அந்தத் தாளைத்தான் எல்லோரும் கேட்பார்கள். என்னுடையதில் இனிஷியல் ஒரு எழுத்து மாறிப்போய், பாஸ்போர்ட் எடுக்கும்போது பட்ட பாடு தனிக்கதை.

டவுனில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் வரை இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்ட பிறகுதான் வகுப்பு ஓடியது. காலாண்டில் இயற்பியலில் அவளுக்கு 41. போனில் அழுதாள். என் பதினேழைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். "அவ்ளோதானா சித்தி?" என்று அழுகையை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் அதிகப்படியாகவே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

பள்ளி தேடுகிற பெற்றோரிடம் இப்போது நான் சொல்வது: தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதீர்கள், பேனரில் இருக்கும். "பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எந்த மாதம் முடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை ஆபீசில் கேட்டதோடு விடாமல், கேட்டுக்கு வெளியே பஸ்சுக்கு நிற்கும் பிளஸ் டூ பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு ராத்திரி அவளிடமிருந்து போன். "சித்தி, சார் ட்வெல்த் ஆரம்பிச்சிட்டார்." "லெவன்த்ல எது பாக்கி?" "அலைவுகள், அலைகள். ரெண்டு பாடம். பப்ளிக் இல்லல்ல, நீங்களே படிச்சுக்கோங்கன்னுட்டார்." அந்த சார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆகஸ்டில் வந்தவர், சம்பளம் கழகம் கொடுப்பது, அவருக்கும் மேலே இருந்து அழுத்தம் இருந்திருக்கும். அக்காவும் மாமாவும் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். சனிக்கிழமை இரண்டு வகுப்பு வைக்கிறேன் என்றார். ஒன்று நடந்தது.

மீதியை ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் நாங்கள் போட்டோம். முதல் நாள் அவள் சூத்திரத்தை ஒப்பித்தாள். நான் போனை ஜன்னலில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு நூலும் கல்லும் எடுத்து வரச் சொன்னேன். மாமாவின் அளவு டேப்பில் சரியாக ஒரு மீட்டர் அளந்து, திண்ணை உத்தரத்தில் கட்டி, லேசாக இழுத்துவிட்டாள். அக்கா செல்போனில் நேரம் பார்க்க, அவள் சத்தமாக எண்ணினாள். இருபது ஆட்டத்துக்கு நாற்பது விநாடி. கல்லைப் பெரிதாக்கிக் கட்டினாள். மறுபடியும் நாற்பது. "கல்லு பெருசாச்சே சித்தி, எப்படி?" என்றாள். மாமா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து, "இன்னொரு வாட்டி விடு பாப்போம்" என்றார்.